ஐடென்டிட்டி கிரைசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

பத்தாவது படிக்கிற பையன் முடியை வளர்த்து ஒரு காதில் கடுக்கன் போட்டாலே "ஐடென்டிட்டி கிரைசிஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு லேசான சொல் இல்லை இது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி, பழைய தானும் இப்போதைய தானும் ஒரே ஆள்தான் என்ற உணர்வே அறுந்துபோன அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிப் பேசத்தான் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன் இதைக் கையாண்டார். வளரிளம் பருவத்தினரைப் பற்றிப் பேச இந்தச் சொல் வந்தது அதற்கு அப்புறம்தான்.

எரிக்சனின் கதையைக் கேளுங்கள். 1902இல் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர், அம்மா டென்மார்க் யூதர், பெற்ற அப்பா யாரென்று கடைசிவரை தெரியவில்லை, வளர்த்தவர் ஒரு யூத மருத்துவர். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூத ஜெப ஆலயத்தில் 'நீ நம்மாள் இல்லை' என்று கேலி செய்தார்கள், பள்ளிக்கூடத்திலோ யூதன் என்றே கேலி. பையன் ஒருவன்தான், இடத்துக்கு இடம் வேறு ஆளாக்கிவிட்டார்கள். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். தனக்குத் தானே தகப்பன்!

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'இடெம்' என்றால் 'அதே'. மாறாமல் அதுவாகவே இருப்பதுதான் ஐடென்டிட்டி. நம்முடைய 'அடையாளம்' வேறு திசையிலிருந்து வருகிறது, இன்னார் என்று அடுத்தவர் கண்டுகொள்ள உதவும் குறி அது. பெரியாழ்வார் பாசுரத்தில், தான் ராமதூதன்தான் என்று சீதையை நம்பவைக்க அனுமன் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதியைச் சொல்கிறான்: 'மல்லிகை மாமாலை கொண்டு அங்கு ஆர்த்ததும் ஓர் அடையாளம்' (ஆர்த்தது என்றால் கட்டியது). வாக்காளர் அடையாள அட்டை வரைக்கும் இதே பொருள்தான்.

எரிக்சனுக்கு இரண்டு பக்கமும் வேண்டும், நான் என்னை யாரென்று நினைக்கிறேன் என்பதும் ஊர் என்னை யாரென்று பார்க்கிறது என்பதும். அதனால் வெறும் 'அடையாளம்' போதாது, 'தன்னடையாளம்' என்பதே பொருத்தம். கிரைசிஸுக்கு 'நெருக்கடி' நன்றாகவே உட்காருகிறது. வீடு, சாதி, மதம், வகுப்புத் தோழர்கள் எல்லாம் ஒரே வயதில் வந்து நெருக்குவதும் அதில் கேட்கிறது. ஆனால் எரிக்சன் பேரழிவைச் சொல்லவில்லை, இப்படியா அப்படியா என்று திரும்பியாக வேண்டிய கட்டத்தைத்தான் சொன்னார்.

தன்னடையாள நெருக்கடி என்றே எழுதலாம். சிலர் எழுதுகிற 'அடையாளக் குழப்பம்' வேண்டாம், அந்த நெருக்கடி தீராமல் போனால் வருவதற்கு அவரே குழப்பம் என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்.