சைக்கிள் ஸ்டாண்டில் வந்த கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். −3 − 5 என்று கணக்குக் கொடுத்தால் 8 என்று விடை எழுதுவான். சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தாலும் அடுத்த தேர்விலும் அதே 8தான். கவனமில்லாத பிள்ளை என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு சாயங்காலம். சைக்கிள் ஸ்டாண்டில் செயின் கழன்று போய் தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவன் பெடலைச் சுற்றினான், செயின் ஏறிவிட்டது. இரண்டு பேர் கையிலும் கிரீஸ். ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் துடைக்கக் கொடுத்தவன், கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுக் கேட்டான்: "சார், மைனஸும் மைனஸும் பிளஸ்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் ஏன் சார் தப்பு போடுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பிடித்து வைத்திருந்த பிள்ளை அவன். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டல் கழித்தலுக்கும் போட்டுக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக அந்தச் சந்தேகம் அவனிடம் இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஓர் இடம் கிடைக்கவில்லை.

"மளிகைக் கடையில மூணு ரூபா பாக்கி. இன்னும் அஞ்சு ரூபாய்க்குக் கடன் வாங்குற. மொத்தம்?"

"எட்டு ரூபா பாக்கி சார்."

"பாக்கியை எப்படி எழுதுவ?"

ஒரு நிமிடம் யோசித்தான். "மைனஸ் எட்டு." அவ்வளவுதான், வேலை முடிந்தது.

ஆசிரியருக்கு அறிவு முக்கியமா, மாணவரோடு உள்ள உறவு முக்கியமா என்று பயிற்சி வகுப்புகளில் விவாதம் வரும்போதெல்லாம் அந்த சைக்கிள் ஸ்டாண்டுதான் என் நினைவுக்கு வருகிறது. கடன் உதாரணம் எனக்கு முன்பே தெரியும். அது யாருக்குத் தேவை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

45 நிமிடப் பாடவேளையில் 50 பிள்ளைகள். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று கூட்டமாக ஒரு ராகம் வரும். வகுப்பறையில் நான் அதிகம் பயப்படுவது இந்த ராகத்துக்குத்தான். எழுந்து நின்று "எனக்குப் புரியல சார்" என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் தைரியம் வர வேண்டுமென்றால், அப்படிச் சொன்னால் அவமானம் வராது என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். நான் உறவு என்று சொல்வது இந்த நம்பிக்கையைத்தான்.

நன்னூலில் பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டை நெருங்கிய பனையில் யாரும் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், கிட்டப் போய்ப் பறிக்க முடியாது. இப்படிப்பட்ட ஆசிரியரிடம் அறிவுக்குக் குறைவில்லை என்பதைக் கவனியுங்கள். மரத்தில் பழம் இருக்கிறது!

நாம் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இந்த இடம் விடுபட்டுப் போகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும் உண்டு. அதை எழுதித் தேறிவிடலாம். ஒரு பிள்ளை பயமில்லாமல் கிட்ட வருமா என்பதை எந்த விடைத்தாளும் காட்டாது.

நியூசிலாந்துக் கல்வியாளர் ஜான் ஹாட்டி, 800க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை (ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பவை) ஒன்றுசேர்த்து 2009இல் வெளியிட்ட கணக்கில், பிள்ளைகளின் கற்றலில் ஆசிரியர் மாணவர் உறவின் தாக்கம் 0.72, ஆசிரியரின் பாட அறிவின் தாக்கம் 0.09. எண் பெரிதானால் தாக்கமும் பெரிது. இதைப் படித்துவிட்டுப் பாட அறிவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, கதை பேசி, பாடத்தை முடிக்காமல் போகிற ஆசிரியரைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறையில் வினாத்தாளோடு தனியாக உட்காருவது அந்தப் பிள்ளைகள்தானே? என்னைப் பொறுத்தவரை அதுவும் துரோகம்தான். செயினை மாட்டிவிட்டு, விதி ஏன் பொருந்தவில்லை என்று சொல்லத் தெரியாமல் நான் நின்றிருந்தால் அவன் மறுபடியும் 8தான் எழுதியிருப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கைச் சத்தமாக வாசிப்பேன், குறைந்த மார்க்கைக் கடைசியில். ரோஷம் வந்து படிப்பார்கள் என்று நம்பினேன். தாளை வாங்க வரும் பிள்ளை தலையைத் தூக்காமல் வந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. இப்போது தாளை மடித்துத்தான் கையில் கொடுக்கிறேன்.

உறவு என்ற பெயரில் எல்லை தாண்டுவதையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவது, ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு வாங்கித் தருவது, "யார்கிட்டயும் சொல்லாதே" என்பது, இதெல்லாம் கூடாது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருப்பதுதான் நல்ல உறவு. வீட்டில் அடி, சீண்டல் என்று ஒரு பிள்ளை நம்மிடம் சொன்னால் அதை ரகசியமாகப் பூட்டி வைக்கவும் கூடாது. தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்க வேண்டும். பெற்றோரும் இந்த எண்ணையும், தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417ஐயும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பிள்ளையிடம் "எத்தனை மார்க்" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு டீச்சர்கிட்ட என்ன கேட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தொடர்ந்து "ஒண்ணும் கேட்கல" என்றே பதில் வந்தால், கோபப்படாமல் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பேசுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் துண்டுச் சீட்டு கொடுக்கிறேன். புரியாதது ஒன்றை எழுத வேண்டும், பெயர் வேண்டாம். போன வாரம் ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "பை விகிதமுறா எண் என்கிறீர்கள். 22/7 என்றும் போடச் சொல்கிறீர்கள். 22/7 விகிதமுறு எண்தானே?" பின்னமாக எழுத முடிந்தால் விகிதமுறு எண், பையை அப்படி எழுத முடியாது, 22/7 என்பது பை இல்லை, அதற்குக் கிட்டத்தட்ட வருகிற ஒரு பின்னம் என்று தொடங்கி, நூலும் டம்ளர் மூடியும் வைத்து அளந்து காட்டுவதற்குள் திங்கட்கிழமைப் பாடவேளை முழுவதும் போய்விட்டது. சீட்டின் கீழே பெயரும் வகுப்பு எண்ணும் எழுதியிருந்தாள்.