சின்னத் தட்டு, நிறையத் தட்டு

கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வளாகங்களுக்குள் ஒன்றுக்குப் பல கேண்டீன்கள் உண்டு. ஒன்றில் பீட்சா, ஒன்றில் இந்தியச் சாப்பாடு, இன்னொன்றில் வெறும் சாலட். இவற்றுக்கு நடுவே சிறுதட்டு உணவகம் என்று ஒரு வகை இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு தபாஸ் பாணியில் வந்தது. கவுண்டரில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் சுட்ட பீட்ரூட் நாலு துண்டு, மேலே சிறிது ஆட்டுப்பால் சீஸ். அடுத்ததில் பூண்டு எண்ணெயில் புரட்டிய இறால் மூன்று. அதற்கடுத்ததில் ஒரு கரண்டி கொண்டைக்கடலை, ஒரு கீற்று எலுமிச்சை. பல நிறுவனங்களில் காசும் கிடையாது, கணக்கும் கிடையாது. எத்தனை தட்டு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இலவச மதியச் சாப்பாடு அந்தப் பகுதியில் வழக்கமானதற்குக் கூகுள் ஒரு முக்கியக் காரணம். 1999-இல், நாற்பது பேர் அளவில் இருந்த சின்ன நிறுவனமாக இருந்தபோதே, சமையல் போட்டி வைத்து சார்லி ஏயர்ஸ் என்ற சமையல்காரரை வேலைக்கு எடுத்தார்கள். நிறுவனம் வளர வளர ஊழியர்களின் உடல் எடையும் பேச்சாயிற்று. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டில் பெரும்பங்கை நிறுவனமே கட்டுகிறது. அதனால் ஊழியர் தட்டில் என்ன விழுகிறது என்பதில் நிறுவனத்துக்கும் அக்கறை வந்துவிட்டது. தட்டைச் சிறியதாக்கினால் சாப்பாடு குறையும் என்ற யோசனை அப்படித்தான் இந்த வளாகங்களுக்குள் நுழைந்தது.

உண்மையிலேயே குறைகிறதா?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கண்ணைப் பற்றியது. 1865-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் டெல்பூஃப் ஒரு தோற்றமயக்கத்தை விவரித்தார். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சுற்றி நெருக்கமாகவும் மற்றொன்றைச் சுற்றித் தள்ளியும் வளையம் வரையுங்கள். நெருக்கமான வளையத்துக்குள் இருக்கும் வட்டம் பெரிதாகத் தெரியும். உள்வட்டம் சோறு, வெளிவளையம் தட்டு விளிம்பு என்று வைத்துக்கொண்டால், சின்னத் தட்டில் அதே சோறு அதிகமாகத் தெரியும். கண் நிறைந்தால் கை நிற்கும் என்பது வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைப் பிரபலப்படுத்தியவர்களில் முதன்மையானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். 2018-இல் அந்தப் பல்கலைக்கழகமே நடத்திய விசாரணையில் அவருடைய ஆய்வுகளில் முறைகேடு இருப்பதாகத் தெரியவந்து அவர் பதவி விலக நேர்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சாப்பாட்டு உளவியல் பற்றி நாம் பத்திரிகைகளில் படித்த பல சுவையான செய்திகள் அவரிடமிருந்து வந்தவை என்பதால், இந்தத் துறையில் எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

சரி, மற்றவர்கள் என்ன கண்டார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, பரிமாறும் அளவு, பொட்டலம், பாத்திரம் ஆகியவை பெரிதாக இருக்கும்போது மக்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. விளைவு பிரமாதமானது இல்லை. சிறியது முதல் நடுத்தரம் வரை. அப்புறம் 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தட்டை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். 134 பேர், பாதிப் பேருக்குப் பெரிய தட்டு, பாதிப் பேருக்குச் சின்னத் தட்டு. தாங்களே பரிமாறிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிடலாம். இரு பிரிவினரும் உண்ட கலோரியில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை.

இதில் முரண் இல்லை என்றே எனக்குப் படுகிறது. கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கரண்டி நம் கையில் இருந்தால் சின்னத் தட்டைக் கோபுரமாகக் குவிக்கலாம், இரண்டாம் முறையும் போடலாம். சிறுதட்டு உணவகத்தில் கரண்டி சமையல்காரர் கையில். 22 சென்டிமீட்டர் தட்டை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது; பரப்போ பாதிக்கும் கீழே, 46 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அதன் மேல் அவர் வைப்பதும் நாலே துண்டு. அதாவது அங்கே சிறியதாவது பாத்திரம் மட்டுமில்லை, 'ஒன்று' என்று நாம் எண்ணும் அளவே சிறியதாகிவிடுகிறது.

இந்த 'ஒன்று' வலுவான விஷயம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கையர், பால் ரோசின் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பில் பெரிய கிண்ணம் நிறைய எம் அண்ட் எம்ஸ் மிட்டாயும், வேண்டிய அளவு சாப்பிடச் சொல்லும் அறிவிப்பும் வைத்தார்கள். சில நாள் சின்னக் கரண்டி, சில நாள் அதைப் போல நான்கு மடங்கு பெரிய கரண்டி. பெரிய கரண்டி இருந்த நாட்களில் மிட்டாய் அதிகம் போயிற்று. எத்தனை முறை வேண்டுமானாலும் அள்ளலாம் என்றாலும், ஒரு கரண்டி என்பது ஒரு நியாயமான அளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இதை அலகுச் சார்பு என்கிறார்கள்.

இதுவரை சிறுதட்டுக்குச் சாதகமான கதை. எதிர்ப்பக்கம் இதைவிடச் சுவாரசியமானது.

சிறுதட்டு உணவகத்தில் யாரும் ஒரே தட்டை மூன்று முறை எடுப்பதில்லை. பீட்ரூட், இறால், கொண்டைக்கடலை, அப்புறம் ஏதாவது இனிப்பு என்று மாறிமாறித்தான் எடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். 1981-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் உள்ளிட்டோர் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு ஒரே வகைச் சாண்ட்விச், சிலருக்கு நான்கு வகை. நான்கு வகை கிடைத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 1984-இல் முழுச் சாப்பாட்டையே சோதித்தார்கள். ஒரே பண்டம் நான்கு சுற்று வந்ததோடு ஒப்பிட்டால், நான்கு சுற்றிலும் வேறு வேறு பண்டம் வந்தபோது உண்ட கலோரி 60 சதவீதம் கூடியது.

காரணம், திகட்டல் வயிற்றில் மட்டும் நடப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சுவையின் மீதுள்ள ஆசை தனியாகக் குறைகிறது. மற்றச் சுவைகளின் மீதான ஆசை அப்படியே நிற்கிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் சோறு போதும் என்று இலையின் மேல் கையை மறித்தவரே ரசத்துக்குக் குழி பறிப்பார், பாயசம் வந்ததும் இலையை நேராக்கிக்கொள்வார். எட்மண்ட் ரோல்ஸ் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப்பகுதியில் சுவைக்கு எழும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு குரங்குக்கு ஒரு பானத்தை வேண்டாம் என்று சொல்லும்வரை கொடுத்தால், அந்தச் செல்கள் அந்தப் பானத்துக்கு மட்டும் அடங்கிவிடுகின்றன. வேறு பானத்தை நாக்கில் வைத்தால் அதே செல்கள் மறுபடி துடிக்கின்றன. வயிறு ஒன்றுதான், நிறைந்த வயிறுதான். ஆனாலும் புதுச் சுவைக்குக் கதவு திறக்கிறது. ஒரே உணவில் எல்லாச் சத்தும் இல்லாத உலகில் பல வகைகளைத் தேட வைக்கும் ஏற்பாடு இது என்று கருதுகிறார்கள்.

ஆக, சிறுதட்டு ஒரு கையால் அளவைக் குறைத்து, மறு கையால் வகையைக் கூட்டுகிறது. எது வெல்லும் என்பது இரண்டு தட்டுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ மொத்த ஏற்பாட்டிலும் முக்கியமானது இதுதான் என்று தோன்றுகிறது.

சமையலறையிலிருந்து தொடங்கலாம். ஒரு பண்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால், கொள்ளளவோடு ஒப்பிட்ட மேற்பரப்பு இரண்டு மடங்காகிறது. சூடு மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது. அதனால் மூன்று இறால் வைத்த தட்டு, ஒரு அண்டா இறாலை விட மிக வேகமாக ஆறும். அமெரிக்க உணவு விதிகளின்படி சூடாக வைத்துப் பரிமாறும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. திறந்த கவுண்டரில் சின்னத் தட்டை அப்படி வைத்திருப்பது கடினம். ஆகவே நல்ல சிறுதட்டுச் சமையலறை மொத்தமாகச் செய்து அடுக்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வெளியே தள்ளுகிறது. இறால் தீர்ந்துவிட்டால், அடுத்த ஈடு வர ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் உடம்புக்குள் வேலை நடக்கிறது. வயிறு விரிவதை வேகஸ் நரம்பு உடனே மூளைக்குச் சொல்லிவிடும். கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்ட பிறகுதான் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதைக் கொடுத்தால் எலிகள் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்கின்றன என்று 1973-இல் கிப்ஸ், யங், ஸ்மித் காட்டினார்கள். இன்று எடைக்குறைப்பு ஊசிகளால் பெயர் பரவிய ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனும் குடலிலிருந்துதான் வருகிறது. இவையெல்லாம் ஏறி வரச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே தட்டில் எல்லாவற்றையும் குவித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடிப்பவருக்குச் செய்தி வரும்போது தட்டு காலி. மெதுவாகச் சாப்பிடும்போது உண்ணும் அளவு குறைகிறது, ஆனால் அப்புறம் பசி கூடுவதில்லை என்று 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

அடுத்தது நடை. ரோசின் குழு 2011-இல் எடைபோட்டு விற்கும் ஒரு சாலட் கவுண்டரில் பண்டங்களை வெறும் 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தது. கரண்டிக்குப் பதிலாக இடுக்கி வைத்தும் பார்த்தது. எடுக்கும் அளவு 8 முதல் 16 சதவீதம் குறைந்தது. ஒரு சாண் தூரத்துக்கே இந்த விளைவு! கூகுளின் நியூயார்க் அலுவலகத்தில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. நொறுக்குத்தீனி மேசைக்குச் சுமார் இரண்டு மீட்டரில் ஒரு காபி இடம், ஐந்து மீட்டருக்கு மேல் இன்னொன்று. தூரத்து இடத்தில் காபி எடுத்த ஆண்களில் 12 சதவீதம் பேர் தீனியும் எடுத்தார்கள். பக்கத்து இடத்தில் எடுத்தவர்களில் 23 சதவீதம். சிறுதட்டு உணவகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து போக வேண்டும் என்றால் அந்த நடை ஒரு தடுப்பு. ஆறு தட்டுகளை ஒரே ட்ரேயில் அடுக்கிக்கொண்டு வரலாம் என்றால் தடுப்பு காணாமல் போய்விடும். மிஞ்சுவது வகை மட்டும். ட்ரேயின் அளவு தட்டின் அளவைவிட முக்கியமாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

நினைவும் ஒரு பங்கு வகிக்கிறது. 1998-இல் ரோசின் குழு, கடுமையான மறதி நோய் உள்ள இருவருக்கு மதியச் சாப்பாடு முடிந்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடி சாப்பாடு வைத்தது. சாப்பிட்டார்கள். வயிற்றில் முதல் சாப்பாடு அப்படியே இருந்தது. சாப்பிட்டோம் என்ற நினைவு இல்லை. நமக்கு அந்த நோய் இல்லாவிட்டாலும், போதுமா என்று தீர்மானிக்கையில் என்ன சாப்பிட்டோம் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். காலித் தட்டுகளை ஊழியர்கள் உடனுக்குடன் எடுத்துப் போகும் இடத்தில் அந்தக் கணக்கு கண்முன் நிற்பதில்லை. ஜப்பானின் சுழலும் சுஷி கடைகளில் பில் போடுவதற்காகத் தட்டுகளை மேசையிலேயே அடுக்கி வைப்பார்கள். அது கல்லாவின் வசதிக்காக வந்த பழக்கம்தான். ஆனாலும் சாப்பிடுபவருக்கு அது ஒரு கணக்குப் புத்தகம்.

உணவு வீணாவதைப் பொறுத்தவரை விஷயம் எளிது. நார்வேயில் ஹோட்டல்களில் நடந்த ஆய்வில், பஃபே தட்டைச் சிறியதாக்கியதும் மீந்து குப்பைக்குப் போன உணவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. பிடிக்காத பண்டத்தில் நாலு துண்டு மட்டும்தான் வீண் என்பதால், சிறுதட்டில் இந்த லாபம் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளின் நியூயார்க் அலுவலகத்தில் எம் அண்ட் எம்ஸ் மிட்டாயை உள்ளே தெரியாத ஜாடிக்கு மாற்றி, உலர்பழம், கொட்டை வகைகளைக் கண்ணாடி ஜாடியில் எடுப்பாக வைத்தார்கள். ஏழு வாரத்தில், சுமார் 2000 பேர் இருந்த அந்த அலுவலகத்தில், மிட்டாயிலிருந்து வந்த கலோரி 31 லட்சம் குறைந்தது என்று 2013-இல் செய்தி வந்தது. பெரிய எண். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 1550 கலோரி, ஏழு வாரத்தின் 35 வேலை நாட்களுக்கு நாளொன்றுக்கு 44. ஏறக்குறைய ஒரு சின்ன இட்லி. வெறும் ஜாடியை மாற்றியதற்கு இது நல்ல பலன்தான். ஆனால் இந்த மாதிரி ஏற்பாடுகளின் பலன் இந்த அளவில்தான் இருக்கும் என்பதையும் அது காட்டுகிறது.

ரோல்ஸ் குழுவின் 1981 ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. சுவை, நிறம், பதம் மூன்றிலும் வேறுபட்ட மூன்று வகைத் தயிரைக் கொடுத்தபோது மக்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நிறமும் பதமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, செர்ரி என்று வாசனை மட்டும் மாறியபோது கூடவில்லை. பார்பரா ரோல்ஸ் பின்னாளில் வேறொரு குழுவோடு செய்த ஆய்வில், கேரட், ப்ரோக்கலி, பட்டாணி வகைக் காய் மூன்றையும் சேர்த்து வைத்தபோது காய் உண்ணும் அளவு கூடியது. சிறுதட்டுக் கவுண்டரை வடிவமைக்கும் சமையல்காரருக்கு இந்த இரண்டு முடிவுகளும் போதும். காய்கறித் தட்டுகளில் நிறம், மொறுமொறுப்பு, சூடு என்று எல்லாவற்றையும் மாற்றிப் பத்து வகை வைக்கலாம். இனிப்புப் பக்கம் ஒரே பதத்தில், ஒரே நிறத்தில் இரண்டு வகை வைத்தால் போதும்.