பிரான்சில் நாஜிக் காலத்தில் பறிபோன சொத்து: வாரிசுகள் எங்கே கேட்பது, எங்கே இடறுவது

வரலாற்று ஆணையம் வேறு, இழப்பீட்டு ஆணையம் வேறு. இது தெரியாமல் தவறான கதவைத் தட்டிக் காலத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். சுவிட்சர்லாந்து 1996 டிசம்பரில் வரலாற்றாசிரியர் பெர்ஜியே தலைமையில் அமைத்த சுயேச்சை ஆணையம், வங்கி ரகசியத்தையும் மீறி ஆவணங்களைத் திறந்து பார்த்தது. 2002இல் இறுதி அறிக்கை தந்தது. ஆனால் ஒருவரின் கணக்கில் இருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை. பிரான்சில் 1997இல் அமைந்த மத்தேயோலி குழுவின் வேலையும் ஆராய்ச்சிதான். தனி மனிதர்களின் மனுவைத் தீர்க்க 1999 செப்டம்பர் 10 அன்று வேறோர் ஆணையம் (CIVS) அமைக்கப்பட்டது. பிரதமரின் கீழ் இயங்கும் அது இன்றும் மனு வாங்குகிறது. பொதுவான மனுக்களுக்குக் கெடு இல்லை. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வாரிசுகளைத் தேடிப் பிடித்து, கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

யார் கேட்கலாம் என்பதில்தான் முதல் குழப்பம். பறிகொடுத்தவரின் குடியுரிமை பொருட்டல்ல; பறிப்பு பிரான்சில் நடந்ததா, ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படையோ அதோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசோ யூதர்களுக்கு எதிராகப் போட்ட சட்டங்களால் நடந்ததா என்பதே கேள்வி. பாரிஸில் தையற்கடை வைத்திருந்த போலந்து யூதரின் பேரன் இப்போது எந்த நாட்டில் இருந்தாலும் கேட்கலாம். அதே குடும்பம் வார்சாவில் விட்டுவந்த வீட்டுக்கு இங்கே மனுப்போட்டால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும்.

"நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம், எங்களுக்கு என்ன இருக்கிறது" என்று ஒதுங்குகிறவர்கள் பலர். ஒதுங்க வேண்டாம். பாரிஸில் மட்டும் ஏறத்தாழ 38,000 வீடுகளில் கட்டில், பாத்திரம், தையல் இயந்திரம் வரை வழித்தெடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சாமான்களுக்கு இழப்பீடு உண்டு. நாடுகடத்துமுன் யூதர்களை அடைத்துவைத்த, பாரிஸ் அருகிலுள்ள திரான்சி முகாமில் உள்ளே நுழையும்போது சட்டைப்பையிலிருந்து பிடுங்கிய பணத்துக்கும் உண்டு. பட்ட துயரத்துக்கு இந்த ஆணையம் பணம் தருவதில்லை. பொருள் இழப்பு மட்டுமே கணக்கு. நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு 2000 ஜூலையில் வந்த ஓய்வூதியம் தனித் திட்டம், தனி மனு. இரண்டையும் ஒரே உறையில் போட்டால் இரண்டும் தாமதமாகும்.

ரசீது இல்லையே என்று மனுவைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் ரசீது எங்கிருந்து வரும்? தேடுவது ஆணையத்தின் பொறுப்பு. அதற்கென்று ஒரு நீதிபதியை விசாரணையாளராக நியமிக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள யூதர் சொத்துப் பறிப்பை நடத்திய விஷி அரசின் யூத விவகாரத் தலைமையகத்தின் கோப்புகள், பறித்த பணம் போடப்பட்ட அரசு வைப்பு நிறுவனத்தின் கணக்கேடுகள், திரான்சி சோதனைப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் எல்லாவற்றிலும் தேடுவார்கள். நீங்கள் தர வேண்டியது தேடுவதற்கான நுனி: 1940 வாக்கில் குடியிருந்த தெருவும் கதவு எண்ணும், கடை வேறிடம் என்றால் அதன் முகவரி, பிறந்த தேதி, தொழில். பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடுமோ அத்தனையையும் எழுதுங்கள். போலந்துப் பெயரைப் பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைத்திருப்பார். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு அகப்படாது.

தாத்தா மேற்கு ஜெர்மனியின் 1957 இழப்பீட்டுச் சட்டப்படி முன்பே பணம் வாங்கியிருந்தால் அதை மறைக்காதீர்கள். பெர்லினிலிருந்து அந்தக் கோப்பை வரவழைத்துப் பார்ப்பார்கள், வாங்கிய தொகையைக் கழிப்பார்கள். மறைத்து ஒரு லாபமும் இல்லை. அந்தக் கோப்பில் அவர் அன்று எழுதிக்கொடுத்த சாமான் பட்டியல் இருந்தால், உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

உண்மையான அலைக்கழிப்பு வாரிசுச் சான்றில்தான். பறிகொடுத்தவரிலிருந்து உங்கள்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவும், யார் யார் வாரிசு என்ற நோட்டரி சான்றும் வேண்டும். தொடர்பே இல்லாத சித்தப்பா மகனின் கையெழுத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மனுப்போடாத வாரிசின் பங்கை ஆணையம் ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் பங்கைப் பரிந்துரைக்கும். அவர் பிறகு வந்து தன் பங்கைக் கேட்கலாம். ஆனால் அப்படி ஒருவர் இருப்பதையே எழுதாமல் விட்டால் கோப்பு நின்றுபோகும்.

வங்கிக் கணக்குகள் 2001இல் பிரான்சும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை. அவற்றுக்கு மனுப்போடும் கெடு முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. இதை ஆணையம் எடுத்த எடுப்பிலேயே பெரிய எழுத்தில் சொன்னால் எத்தனையோ வயதானவர்களுக்கு நடை மிச்சமாகும்.

ஓவியம், நூல் போன்றவை அரசு அருங்காட்சியகத்திலோ நூலகத்திலோ இருந்தால் 2023 ஜூலை 22 சட்டம் உதவும். அதற்குமுன் பொதுச் சேகரிப்பிலிருந்து ஒரு படத்தை எடுக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. இப்போது ஆணையத்தின் கருத்தைப் பெற்று அரசே திருப்பிக் கொடுக்கலாம். இதில் 1933 ஜனவரி 30 முதல் 1945 மே 8 வரை பிரான்சுக்கு வெளியே நடந்த பறிப்பும் அடங்கும். தனியார் கையில் இருக்கும் படத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பரிந்துரைக் கடிதம் வந்ததும் பணம் வந்ததாக நினைத்துக் கடன் வாங்காதீர்கள். ஆணையம் பரிந்துரைக்கும், முடிவு பிரதமருடையது, பணம் தருவது போர் வீரர்கள் மற்றும் போரால் பாதிக்கப்பட்டோருக்கான அலுவலகம். மூன்று இடங்களிலும் காத்திருப்பு உண்டு. இடையில் மனுதாரர் இறந்தால் அவருடைய பிள்ளைகள் வாரிசுத் தாள்களை மறுபடி சேர்க்க வேண்டும். எண்பது வயதுக்காரரின் கோப்பை மேசையில் கிடக்கவிடுவதன் விலை அது. மனுவில் மனுதாரரின் வயதையும் உடல்நிலையையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தொகை குறைவாக இருந்தால், புதிய ஆவணத்தையோ கணக்குப் பிழையையோ காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். பிரதமரின் முடிவை எதிர்த்து நிர்வாக நீதிமன்றம் போக, முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டே மாதம். கடிதம் வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வைத்திருங்கள்.