தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

பழநி மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. கன்று வைக்கக் குழி எடுத்த ஜேசிபியின் பல்லில் முதுமக்கள் தாழி ஒன்று, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை, சிக்கிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஓடுகளைக் கழுவி வரப்பில் அடுக்கியிருந்தார்கள். "உள்ள வெறும் மண்ணுதானுங்க சார், ஒண்ணும் இல்லீங்க" என்றார் தோட்டக்காரர். அந்த மண் வாய்க்காலோடு போயிருந்தது. அகழாய்வுக் களத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

பழநிக்குத் தென்மேற்கே 12 கிலோமீட்டரில், பொருந்தலாற்றின் கரையில் பொருந்தல் இருக்கிறது. பழைய குடியிருப்பு மேட்டை ஊரார் பாசிமேடு என்கிறார்கள். பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் 2009, 2010இல் அங்கே அகழ்ந்தபோது, கண்ணாடி மணி செய்த உலையே வெளிப்பட்டது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் வைத்த சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல். கூடவே 'வய்ர' என்று பழைய பிராமி எழுத்தில் கீறிய பிரிமனை, பானையை உட்கார வைக்கும் வளையம். நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று வந்தது. எல்லோரும் எழுத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த எழுத்துக்கு வயது சொன்னதோ நெல். வெறும் மண்தானே என்று யாராவது அந்தச் சாடியைக் கவிழ்த்திருந்தால்?

மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறு அடிவாரத்தில் வேகம் தணிந்து வண்டலை இறக்கும். அங்கே நெல் விளையும், ஊர் அமையும். செத்தவர்களுக்கு உழவுக்கு ஆகாத கல்லாங்குத்து. மேலே மலையில் தாண்டிக்குடிப் பக்கம் போனாலும் கல்திட்டைகள், பலகைக் கற்களால் ஆன பழைய ஈமச் சின்னங்கள், உண்டு. இன்று பாலாறு பொருந்தலாறு அணை தண்ணீரைத் தேக்கிவிட்டது. ஆனாலும், ஆற்றுக்குச் சற்றுத் தள்ளிய மேட்டில் அந்தக் காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்தால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன்.

தாழி தட்டுப்பட்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், உள்ளே கை விடாதீர்கள். பக்கத்தில் ஒரு மண்வெட்டியை வைத்துப் படம் எடுத்துவிட்டு, அதே மண்ணால் மூடி, வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். "நிலம் போயிருமே" என்பதுதான் எல்லோருக்கும் பயம். தாழி கிடைத்தது என்பதற்காகவே பட்டா ரத்தாகாது. மாறாக, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால்தான் வம்பு.

அந்தத் தோட்டத்தில் இன்னும் சில குழிகள் பாக்கி. மிச்சத்தை ஆள் வைத்துக் கடப்பாரையால் எடுத்துக்கொள்வதாகத் தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார்.