பாசியை விடுங்கள், முதலில் இலையைப் பாருங்கள்

தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது "என்ன மருந்து ஊற்றணும்?" என்பதுதான். செடி வைத்த மீன்தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை, பாசியை விட்டுவிட்டு செடிகளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிற செடியின் புது இலையில் பாசி அவ்வளவு லேசில் ஒட்டாது. வளர்ச்சி நின்றுபோய், மஞ்சளடித்து, ஓட்டை விழுந்து கிடக்கிற இலையில்தான் அது முதலில் குடியேறும். அதனால் செடிக்கு என்ன குறை என்று தெரியாமல் பாசிக்கு மட்டும் மருந்து ஊற்றினால், இரண்டு மூன்று வாரத்தில் அதே பாசி திரும்ப வந்து நிற்கும்.

இலையை எப்படிப் பார்ப்பது? முதலில் கவனிக்க வேண்டியது, பாதிப்பு பழைய இலையிலா புது இலையிலா என்பது. நைட்ரஜன் பற்றாமல் போனால் செடி தன் பழைய இலைகளில் இருப்பதை உருவிப் புதுத் துளிருக்குக் கொடுக்கும், அதனால் அடியில் உள்ள இலைகள் மஞ்சளாகி உதிரும். இரும்புச்சத்து அப்படி சுலபமாக இடம் மாறாது. அது குறைந்தால் நுனியில் வரும் இளம் இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். பொட்டாசியம் குறைந்தால் பழைய இலையில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள் விழும், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், நாளாக ஆக ஓட்டை பெரிதாகும். இதைப் பார்த்துவிட்டு நத்தைதான் கடித்துவிட்டது என்று நத்தைகளைப் பொறுக்கி எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலான சின்ன நத்தைகள் அழுகத் தொடங்கிய இலையைத்தான் தின்னும், நல்ல இலையை அல்ல.

புதிதாக வாங்கிய செடி கரைந்துபோனால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் போனதும் அந்தப் பழைய இலைகள் சாகும், அப்புறம் நீருக்கேற்ற இலை வரும். கிரிப்டோகோரைன் வகைகள் இடம் மாற்றினாலே இலை முழுவதையும் கரைத்துவிட்டு வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கி எறியாமல், கரைந்த இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் கிடைமட்டமாக ஓடுகிற தடித்த தண்டை மணலுக்குள் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட்டால் போதும்.

"உரம் போட்டால் பாசி வருமே" என்ற பயம் இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தினால் பாசி அடங்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள். நீர்ச்செடி வளர்ப்பு நிபுணரான டாம் பார் அதை மறுத்து, சத்துகளைத் தாராளமாகக் கொடுத்து வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றும் முறையைப் பரப்பினார். செடிகள் அடர்ந்த தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம், பாஸ்பேட் 1 முதல் 2 மில்லிகிராம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. சொல்லப்போனால், கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் சுரண்டினாலும் வராத கடினமான பச்சைப் புள்ளிகள் வந்தால், பாஸ்பேட் குறைவு என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். நான் பயப்படுவது அம்மோனியாவுக்கு. அளவுக்கு மீறிப் போட்ட தீவனம், இலைச் சருகு, குழாய்த் தண்ணீரில் அலசி நல்ல பாக்டீரியாவைக் கொன்ற பில்டர் பஞ்சு, இவையெல்லாம் அம்மோனியாவில் கொண்டுபோய் விடும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

நான் பார்த்தவரை பாசிக்குக் காரணம் பாதிக்கு மேல் வெளிச்சம்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று காலையிலிருந்து இரவு வரை லைட்டை எரியவிடுகிறார்கள். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம் போதும், செடி நன்றாகப் பிடித்த பிறகு 8 மணி நேரம். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள், நினைவு வந்தபோது போட்டு, நினைவு வந்தபோது அணைக்கிற பழக்கம் வேண்டாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள். வெளிச்சம் கூடக் கூட, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடும் சத்தும் அதே அளவுக்குக் கூட வேண்டும். அது கிடைக்காதபோது மிச்ச வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாத தொட்டிக்குப் பெரிய லைட் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு வருகிற தொல்லை பிளாக் பியர்ட் ஆல்கே என்ற கறுப்புத் தாடிப் பாசி. இலை விளிம்பிலும் பில்டர் தண்ணீர் வந்து விழும் இடத்திலும் கறுப்பாக, அடர்த்தியான குச்சம் குச்சமாக முளைக்கும், இழுத்தாலும் வராது. கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகம், மறுநாள் குறைவு என்று ஏறி இறங்கும் தொட்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். லைட் எரிவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட வேண்டும், லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் இலக்கு. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையாக இருந்தால் சரி, ஆனால் அது நிறம் மாற ஓரிரு மணி நேரம் எடுக்கும், அதனால் மீன்களையும் பாருங்கள். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்திக் காற்றுக்கல்லைப் போடுங்கள். மோசமாகப் பிடித்த இலையை வெட்டிவிடுவதே நல்லது. கட்டையில், கல்லில் பிடித்திருந்தால் பில்டரைச் சில நிமிடம் நிறுத்தி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிதளவு ஊசிச் சிரிஞ்சில் எடுத்து அதன் மேலேயே விடுவேன். சில நாட்களில் கறுப்பு போய் இளஞ்சிவப்பாக மாறும். உண்மையில் அது சிவப்புப் பாசி இனம், சாகும்போதுதான் அந்த நிறம் வெளியே தெரிகிறது.

மருந்து பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தாமிரம் கலந்த பாசி மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். திரவ கார்பன் என்று விற்பவை பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் பொருள். கையுறை போடுங்கள், முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், சீக்கிரம் போகட்டும் என்று இரண்டு மடங்கு ஊற்றாதீர்கள், மீன் செத்துவிடும். நாடாபோல் நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியா செடி இருந்தால், அது சரியான அளவிலேயே கரைந்துபோகலாம். இன்னொன்று, பாசி முழுவதும் ஒரே நாளில் செத்தால் அது அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கும், அம்மோனியா ஏறும். முதலில் கையால் முடிந்தவரை எடுங்கள்.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூசிக்கு எதுவுமே செய்ய வேண்டாம், சில வாரங்களில் தானாகப் போகும். நீலப்பச்சையாகப் படலம்போல் படர்ந்து, நாற்றமடித்து, தொட்டால் உரிந்து வந்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டி, 3 அல்லது 4 நாள் தொட்டியை முழுவதும் மூடி இருட்டாக வைத்தாலே பெரும்பாலும் அடங்கும். அதற்காக ஆன்டிபயாடிக் ஊற்றி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை நான் செய்வதில்லை.

பாசி தின்னும் உயிரினங்களைக் கடைசியாகத்தான் சேர்ப்பேன். செடித்தொட்டி வடிவமைப்பில் புகழ்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோவின் பெயரால் அழைக்கப்படும் அமானோ இறால் நார்ப்பாசிக்கு நன்றாக உதவும். பாசி தின்னும் மீனான சயாமீஸ் ஆல்கே ஈட்டர் என்று சொல்லிச் சில சமயம் சைனீஸ் ஆல்கே ஈட்டரைக் கொடுத்துவிடுவார்கள், அது வளர்ந்ததும் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும். முதலாவதற்குக் கறுப்புக் கோடு வால் நுனி வரை ஓடும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஓட்டோசின்க்ளஸ் என்ற பாசி தின்னும் குட்டி மீன் என்றால் வயிற்றைப் பாருங்கள். ஒட்டிப்போயிருந்தால் ஏற்கெனவே பல நாள் பட்டினி, வாங்க வேண்டாம். பாசியே இன்னும் பிடிக்காத புதுத் தொட்டியிலும் அதை விடாதீர்கள், அங்கேயும் பட்டினிதான்.