கப், ஸ்பூன், மில்லி: அளவு மாற்றும்போது எங்கே பிசகுகிறது?

செய்முறையில் "1 கப்" என்று இருந்தால், அது எந்த நாட்டுக் கப் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜப்பானில் சமையல் கப் 200 மி.லி.; மின் குக்கரோடு வரும் அரிசிக் கப் 180 மி.லி. அமெரிக்கக் கப் 236.6 மி.லி. அதே அமெரிக்காவில், உணவுப் பொட்டலங்களில் அச்சிடும் ஊட்டச்சத்து விவரத்துக்கு மட்டும் 240 மி.லி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 250 என்று வைத்திருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் செய்முறைகளில் வரும் அரை பைண்ட் கப் 284 மி.லி. சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே பெயர்களை வைத்துக்கொண்டு வேறு வேறு அளவுகளில் நிற்பதற்குக் காரணம் கேலன் என்ற திரவ அளவு. 1707-இல், ராணி ஆன் ஆட்சியில், ஒயின் கேலன் 231 கன அங்குலம் என்று இங்கிலாந்தில் வரையறுத்தார்கள். அமெரிக்கா இன்றுவரை அதையே பின்பற்றுகிறது. லிட்டர் கணக்கில் அது 3.785. பிரிட்டனோ 1824-இல் புதுச் சட்டம் இயற்றி, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவை இம்பீரியல் கேலன் ஆக்கியது. அது 4.546 லிட்டர். இரண்டிலும் எட்டில் ஒரு பங்குதான் பைண்ட். ஆனால் அமெரிக்க பைண்டை 16 திரவ அவுன்ஸாகவும், பிரிட்டிஷ் பைண்டை 20 திரவ அவுன்ஸாகவும் பிரித்திருக்கிறார்கள். விளைவாக, பைண்டில் 473 மி.லி.க்கும் 568 மி.லி.க்கும் உள்ள பெரிய இடைவெளி, அவுன்ஸுக்கு வரும்போது 29.6-க்கும் 28.4-க்குமாகச் சுருங்கி, திசையும் மாறிவிடுகிறது. சமையலில் இதன் பொருள் எளிது. பிரிட்டிஷ் செய்முறை திரவ அவுன்ஸில் இருந்தால் அமெரிக்க அளவையைக் கொண்டே சமாளிக்கலாம், 4 விழுக்காடுதான் பிசகும். பைண்டில் இருந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அவுன்ஸ் என்றாலே எடையா கொள்ளளவா என்ற கேள்வியும் உடன் வரும். எடை அவுன்ஸ் 28.35 கிராம். தண்ணீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை. தேனை எடுத்துக்கொண்டால் தெரிந்துவிடும்: 8 திரவ அவுன்ஸ் தேன் சுமார் 340 கிராம் எடை, 8 அவுன்ஸ் எடைத் தேன் 227 கிராம்தான்.

டேபிள்ஸ்பூனில் கவனிக்க வேண்டிய நாடு ஒன்றே: ஆஸ்திரேலியா. அங்கே 1 டேபிள்ஸ்பூன் 20 மி.லி., அதாவது 4 டீஸ்பூன். மற்ற இடங்களில் பெரும்பாலும் 15 மி.லி., 3 டீஸ்பூன். டீஸ்பூன் எங்கும் 5 மி.லி. என்றே கொள்ளலாம். சர்க்கரையில் இந்த 5 மி.லி. கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பேக்கிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டால், வாயு சீக்கிரமாகப் பொங்கி, குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மாவு வெந்து இறுகும் முன்பே உடைந்துபோகும். கேக் மளமளவென்று எழும்பி நடுவில் குழி விழுவது இதனால்தான்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் பலருடைய சமையல் சரியாகவே வருகிறதே என்றால், செய்முறை என்பது அடிப்படையில் ஒரு விகிதம். எல்லாப் பொருளும் கப்பிலேயே இருந்தால் எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது. மொத்தம்தான் கூடும் அல்லது குறையும். கப்புக்கு அடங்காத ஒரு பொருள் நுழையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. முட்டை அப்படிப்பட்டது. பாக்கெட்டோடு போடும் ஈஸ்ட், ஸ்பூனில் அளக்கும் சோடா, கேக் வேகும் தகரப் பாத்திரத்தின் அளவு எல்லாம் அந்த வகை. அமெரிக்கச் செய்முறையை 200 மி.லி. கப்பில் அளந்தால் மாவு, சர்க்கரை, பால் மூன்றும் 15 விழுக்காடு குறையும். 2 முட்டை மட்டும் 2 முட்டையாகவே இருக்கும். கேக் ரப்பர் போல இழுபடும். 250 மி.லி. கப்பில் அளந்தால் கூடுதல் சுமார் 6 விழுக்காடுதான். அதைப் பெரும்பாலான கேக்குகள் பொறுத்துக்கொள்ளும்.

அளவைப் பாதியாக்கவோ மூன்றில் ஒன்றாக்கவோ வேண்டுமென்றால் கப்பை டீஸ்பூனுக்கு இறக்கிவிடுங்கள். அமெரிக்கக் கப் 16 டேபிள்ஸ்பூன், 48 டீஸ்பூன். 48 இரண்டாலும் மூன்றாலும் நன்றாக வகுபடும். ⅓ கப் 16 டீஸ்பூன். அதில் பாதி 8, அதாவது 2 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும். ¾ கப்பில் பாதி 18 டீஸ்பூன், 6 டேபிள்ஸ்பூன். இந்தக் கணக்கை 250 மி.லி. கப்பில் போட்டால் ஒட்டாது, ஏனென்றால் அதில் 15 மி.லி. ஸ்பூன் பதினாறே முக்கால் வரை பிடிக்கும். அங்கே மில்லியிலேயே கணக்குப் போடுவது நல்லது. பாதி முட்டைக்கு, முட்டையை அடித்துக் கலக்கி எடையில் பாதி எடுக்க வேண்டும். ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம் இருக்கும்.

திரவத்துக்கு இதெல்லாம் போதும். உலர்ந்த பொருளுக்குக் கதை வேறு. கப் அளப்பது மாவை மட்டுமல்ல, மாவுத் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றையும் சேர்த்து. மைதாவின் துகள்கள் நுண்ணியவை, ஒழுங்கற்றவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்பவை. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்று நடுவே வெற்றிடத்தை விட்டுவைக்கும். ஒரு தட்டு தட்டினால் அந்த அடுக்கு சரியும்; அதே கப்பில் இன்னும் மாவுக்கு இடம் கிடைக்கும். சர்க்கரைப் படிகங்கள் பெரியவை, உருண்டோடி எப்போதும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் அமர்ந்துவிடும். அதனால் அமெரிக்கக் கப் சர்க்கரையை யார் அளந்தாலும் 200 கிராம்தான் வரும். மைதாவை ஸ்பூனால் மெல்லக் கப்பில் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். கப்பையே மாவு டப்பாவில் செருகி அள்ளினால் 140, சில சமயம் 150. நாட்டுச் சர்க்கரை போல ஈரப்பசை உள்ள சர்க்கரையை அமுக்கி அளக்கச் சொல்வதும் இதே காரணத்தால்: அமுக்கினால்தான் எல்லாருக்கும் ஒரே எடை வரும்.

இந்த 30 கிராம் என்ன செய்யும் என்பதை ரொட்டி மாவில் பார்க்கலாம். 3 கப் மைதா, 1 கப் தண்ணீர் என்று செய்முறை சொல்கிறது. மெல்லப் போட்டு அளந்தவருக்கு மாவு 360 கிராம், தண்ணீர் 237. மாவின் எடையில் தண்ணீர் 66 விழுக்காடு. பிசைந்தால் மிருதுவாக, கையில் லேசாக ஒட்டும். அள்ளி அளந்தவருக்கு மாவு 450 கிராம். தண்ணீர் 53 விழுக்காடாகிவிடும். அது விறைத்த மாவு, ரொட்டி அடர்த்தியாக வரும். இருவரும் செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்கள்.

இதனால்தான் பேக்கிங்கில் கப்பிலிருந்து கப்புக்கு மாற்றுவதைவிட, கப்பிலிருந்து கிராமுக்கு மாற்றிவிடுவதே மேல். மில்லியை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். தண்ணீருக்கு 1, பாலுக்கு 1.03, எண்ணெய்க்கு 0.92, தேனுக்கு 1.42, சர்க்கரைக்கு 0.85, தலைதட்டிய மைதாவுக்கு 0.52. 250 மி.லி. கப்பில் சொன்ன சர்க்கரை 212 கிராம், மைதா 130 கிராம். அமெரிக்கக் கப் வெண்ணெயை 227 கிராம் என்று கொள்வது வழக்கம்.

சொல்வரிசையும் அளவை மாற்றும். "1 கப் நறுக்கிய பாதாம்" என்றால் நறுக்கிய பிறகு அளக்க வேண்டும். "1 கப் பாதாம், நறுக்கியது" என்றால் முழுப் பருப்பாக அளந்துவிட்டு நறுக்க வேண்டும். சலித்த மாவுக்கும் இதே விதி.

1896-இல் அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் தம் சமையல் நூலில் ஸ்பூனையும் கப்பையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஸ்பூன் சிறுக்கச் சிறுக்க அந்த விதி இன்னும் முக்கியமாகிறது. அரைக்கோள வடிவ டீஸ்பூனின் வாய் சுமார் 2.7 செ.மீ. அகலம். அதன் மேல் 1 மி.மீ. உயரத்துக்குப் பொடி கூடுதலாக நின்றால் அரை மில்லிக்கும் மேல், அளவில் 11 விழுக்காடு. 8 செ.மீ. வாய் உள்ள கப்பின் மேல் அதே 1 மி.மீ. நின்றால் 5 மில்லி, அது 2 விழுக்காடுதான். ஆகவே வாய் அகலமான தட்டை ஸ்பூனைவிட, குறுகி ஆழமான ஸ்பூன் துல்லியமானது. உப்பில் துகளின் உருவமும் சேர்ந்துகொள்ளும்: பொடி உப்பு 1 டீஸ்பூன் சுமார் 6 கிராம், மெல்லிய தகடுகளாக இருக்கும் உப்பு அதில் பாதிதான் இருக்கும்.

திரவத்தைக் கோடு போட்ட ஜாடியில் அளப்பதே நல்லது, விளிம்பு வரை ஊற்றிய கப்பைத் தூக்கும்போதே சிந்தும். ஜாடியை மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஓரத்தில் கண்ணாடியைப் பற்றி ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால், அளவு உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும், அதனால் குறைவாக ஊற்றிவிடுவோம்.

உங்களிடம் இருப்பது எந்தக் கப் என்று தெரியாவிட்டால் டிஜிட்டல் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 1 கிராம் என்பது 1 மி.லி.; காட்டும் எண் 200, 237, 240, 250 இவற்றில் எதற்கு அருகே இருக்கிறது என்று பார்த்து, கப்பின் அடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். ஸ்பூனுக்கு மட்டும் ஒரு முறை ஊற்றினால் போதாது. 1 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் 5 கிராமை நம்ப முடியாது. 10 ஸ்பூன் ஊற்றிப் பத்தால் வகுத்தால், 5 மில்லி ஸ்பூனா, 4 மில்லிக்குச் சற்று மேலே நிற்கும் வீட்டு டீக்கரண்டியா என்று தெரிந்துவிடும்.