விட்டு விட்டு எரியும் ஹெட்லைட்: பல்பை மாற்றுவதற்கு முன்னால்

"லைட்டு எரியலை" என்று வருகிற வண்டியை அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவேன். "சில நேரம் எரியுது, சில நேரம் அணைஞ்சுடுது" என்று வருகிற வண்டிதான் என் மதியச் சோற்றைக் கெடுக்கும். பட்டறை வாசலில் நிறுத்தி சுவிட்சைப் போட்டால் நல்ல பிள்ளை மாதிரி பளிச்சென்று எரியும். ஓனர் முகத்தில் அசடு வழியும். ராத்திரி ஆற்றங்கரை ரோட்டில் போய் மறுபடி காலை வாரும்.

மன்னார்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கத்து ரோடுகள் பலவும் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் ஒட்டியே போகிறவை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம், பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டை நெல் அடைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் முன்னால் போகும். இந்த ரோட்டில் இரண்டு நொடி விளக்கு போனாலும் போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தொண்ணூறுகளில் வாங்கிய காரோடு வந்தார். என்ன கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வயதில் எந்தக் காருக்கும் இது வரும். இருபது நிமிஷம் ஓட்டினால் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நின்றால், கேட் திறக்கும்போது ஒன்றுமே நடக்காதது போல் எரியும். மூன்று தடவை பல்பு மாற்றியாயிற்று. ஒரு பேட்டரியும் போட்டாயிற்று.

"தம்பி, முதல்ல எனக்குக் கண்ணுதான் மங்குதுன்னு நெனச்சு கண்ணாடிய மாத்துனேன். அப்புறந்தான் வண்டிக்கு வந்தேன்" என்றார்.

"கண்ணாடிக்காச்சும் செலவு வீண்போகாது சார்" என்றேன்.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்போ அணையுது? பள்ளத்தில் விழும்போதா, மழையிலா, கொஞ்ச நேரம் எரிந்த பிறகா? குலுங்கினால் அணைகிறது என்றால் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது: பல்பு ஹோல்டர், கப்ளர் (வயரோடு வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்), எர்த் போல்ட் (கரன்ட் வண்டியின் தகடு வழியே பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இடம்), அல்லது உறைக்குள்ளேயே அறுந்த வயர். மழை பெய்த மறுநாள் தகராறு என்றால் இணைப்பில் களிம்பு ஏறியிருக்கிறது. எரிந்து சூடான பிறகு அணைந்து, ஆறிய பிறகு திரும்ப எரிகிறது என்றால் ஏதோ ஓர் இணைப்பு அடுப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றில் இதுதான் ஆபத்தானது. இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் போகிறதா, இரண்டும் சேர்ந்தா? இரண்டும் சேர்ந்து அணைந்தால் பல்பைச் சந்தேகிப்பதே வீண். இரண்டு பல்பு ஒரே நொடியில் செத்து ஒரே நொடியில் பிழைக்காது. இரண்டுக்கும் பொதுவான பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

சாரின் வண்டி சொன்ன பதில் தெளிவாக இருந்தது. இரண்டும் சேர்ந்து, அதுவும் சூட்டில்.

அடுத்தது அளப்பது. பல பட்டறைகளில் தவறு நடப்பது இங்கேதான். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைப்பார்கள். 12 வோல்ட் காட்டும். "கரன்ட் வருது, பல்புதான் போச்சு" என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மதகு மூடியிருக்கும்போது தூர்ந்துபோன வாய்க்காலிலும் தண்ணீர் மட்டம் நிற்கும். மதகைத் திறந்து பாய விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பது தெரியும். வயரும் அப்படித்தான். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், சும்மா இருக்கும்போது மீட்டரில் 12 தெரியும். விளக்கை எரியவிட்டு, ஓடும் கரன்ட்டில் அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

சாதாரண எச்4 பல்புக்குள் ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று என்று இரண்டு இழை (ஃபிலமென்ட்) இருக்கும்; ஹையில் 60 வாட்ஸ், லோவில் 55 வாட்ஸ். லோவில் ஒரு பல்புக்கு நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே, இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது சொச்சம். இவ்வளவும் ஒவ்வொரு பின், ஒவ்வொரு கப்ளர் வழியாகப் போக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, லோ போட்டு, பல்பு மாட்டியிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகினேன். பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பில் 11.3. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. இழை பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட ரொம்பவே குறையும். இந்த அளவு குறைந்தால் ஏறத்தாழ பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். சார் கண்ணாடி மாற்றியதில் தப்பே இல்லை.

காணாமல் போனது எங்கே என்பதைத் துண்டு துண்டாகப் பிடிக்கலாம். மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி பிளஸ்ஸில், மற்றது பல்பின் பிளஸ் பின்னில்: 2.2 வோல்ட். அடுத்து பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 0.3. நல்ல வண்டியில் பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்குள், எர்த் பக்கம் 0.2-க்குள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆக எர்த் சுமார், குற்றவாளி பிளஸ் பக்கம். ஸ்டீயரிங் கீழே மூடியைக் கழற்றி, சுவிட்சின் கப்ளரில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஊசி வைத்தேன். அங்கே மட்டும் 1.6. ஒன்பது ஆம்பியரில் அது சுமார் 14 வாட்ஸ் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் முனையைப் பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்த மாதிரி. கப்ளரைப் பிடுங்கினால் ஒரு பின் கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

"இவ்ளோ சூடாயிருக்கு, பியூஸ் ஏன் தம்பி போகல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பியூஸ் போவது கரன்ட் அளவுக்கு மேல் ஓடினால்தான். லூஸ் கான்டாக்ட்டில் கரன்ட் குறையுமே தவிரக் கூடாது. அதனால் வயர் உருகுகிற வரைக்கும் பியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பியூஸ் இருக்கிறதே என்ற தைரியம் இந்த விஷயத்தில் செல்லாது. அதையும் எடுத்துவிட்டுச் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்களும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை மடித்து வைக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கருகின ஹார்னஸ் (வயர்க் கட்டு) ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், அதைக் காட்டுவேன்.

மங்கலாக இருக்கிறது என்று 100/90 வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டுவதும் இதே வகை. அது பொதுச்சாலைக்கு ஆனதே இல்லை. லோவில் 55-லிருந்து 90-க்குப் போனால் கரன்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். அதே கெட்டுப்போன பின்னில் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டும். எல்இடி போட்டால் கரன்ட் குறையும், நோய் மறைந்துகொள்ளும், ஆனால் இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதன் வெளிச்சம் தாறுமாறாகச் சிதறி எதிரில் வருகிறவன் கண்ணைப் பறிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

சாருக்கு எர்த் தப்பித்தது. ஆனால் என் அனுபவத்தில் பழைய வண்டிகளில் பாதிக்குப் பாதி எர்த்தில்தான் கோளாறு. ரேடியேட்டரைத் தாங்குகிற தகட்டில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே பேட்டரி இருந்தால் ஆசிட் ஆவியும் சேரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று அந்த போல்ட்டைத் துரும்பாக்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அந்தப் பக்கத்து வண்டிகள் வரிசையாக வரும். வயர் முனையில் இருக்கும் லக்கை (போல்ட்டில் மாட்டுகிற உலோக வளையம்) தொட்டாலே பச்சைப் பொடி உதிரும்.

எர்த் கெட்டுப்போனதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. லோ போட்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஹைபீமின் நீல விளக்கு மங்கலாக மினுக்கும். ஒரு பல்பின் எர்த் விட்டுப்போனால், லோ இழைக்கு வந்த கரன்ட் இறங்க வழியில்லாமல் அதே பல்பின் ஹை இழை வழியாகத் திரும்பி ஏறி, ஹை வயரில் போய், அடுத்த பக்கத்துப் பல்பின் வழியே எர்த் தேடும். போகிற போக்கில் நீல விளக்கையும் தொட்டுவிட்டுப் போகும். சுவிட்ச் கெட்டது என்று நினைத்து சுவிட்சையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றி, எமரி தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, புது லக் அடித்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினால் தீர்ந்தது. ஒன்று மட்டும் கவனம்: சில ஜப்பானிய வடிவமைப்பில் பல்புக்கு பிளஸ் எப்போதும் தயாராக இருக்கும், சுவிட்ச் வேலை செய்வது எர்த் பக்கம். அது தெரியாமல் அளந்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

டெல்டாவுக்கே உரிய ஒரு மெக்கானிக்கும் உண்டு. எலி. தை, மாசியில் சம்பா அறுத்ததும் வயலில் இருந்த எலி வீட்டுப் பக்கம் ஏறும். வைக்கோல் போர் பக்கத்தில் கொட்டகையில் நிற்கிற கார் அதற்கு மாளிகை. ஒரு தடவை வலது லைட் மட்டும் குலுங்கினால் அணைகிறது என்று ஒரு விவசாயி வந்தார். பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கோல் கூடு. அதற்கு ஓரடி தள்ளி, உறை கடிபட்டு நாலைந்து இழையில் தொங்குகிற வயர். அந்த நாலைந்து இழை சூடேறி வைக்கோலைத் தொட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடிபட்ட வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் களிம்பு ஏறும். சால்டர் வைத்து, ஸ்லீவ் ஏற்றிச் சுருக்குங்கள்.

சாரின் வண்டிக்கு வருவோம். கப்ளரும் பின்னும் புதுசு போட்டேன். ஆனால் அதோடு விட்டால் அஞ்சு வருஷத்தில் அதே பின் மறுபடி கறுக்கும், ஏனென்றால் அந்தக் கால வடிவமைப்பில் மொத்தக் கரன்ட்டும் சுவிட்ச் வழியாகவே போகிறது. லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்தேன். சின்னக் கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்தான் ரிலே. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் நம்பர் பின்னுக்கு, 87-ஆம் நம்பர் பின்னிலிருந்து பல்புக்கு. சுவிட்சிலிருந்து வருகிற பழைய வயர் இனி ரிலேயின் காயிலை (உள்ளே இருக்கும் சின்னக் கம்பிச் சுருள்) மட்டும் தட்டி எழுப்பினால் போதும்; அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. எர்த்தையும் கையோடு தேய்த்து இறுக்கினேன். திரும்ப அளந்தபோது இரண்டு பக்கமும் சேர்த்து இழப்பு 0.4 வோல்ட்.

ரோட்டில் திடீரென்று இருட்டானால் என்ன செய்வது என்றும் சார் கேட்டார். பிரேக்கை ஏறி மிதிக்காதீர்கள், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் அணைந்தது தெரியாது. டிப் அடிக்கிற பிடியை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பல வண்டிகளில் அதற்குப் பாதை தனி. மெயின் சுவிட்ச் படுத்தாலும் ஹைபீம் எரியும். அந்த வெளிச்சத்தில் ஓரம் கட்டி ஹசார்டைப் போடுங்கள். ஆறிய பிறகு திரும்ப எரிந்தால், அதை நம்பி நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பயணத்தைத் தொடராதீர்கள்.

அன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு போன் வந்தது. பின்னால் ரயில்வே கேட் மணி அடிப்பது கேட்டது.

"தம்பி, நீடாமங்கலத்துல கேட் போட்டுருக்கான். முப்பது நிமிஷமா எரியுது, ஒண்ணும் ஆகல. இப்ப அணைக்கவா, எரியட்டுமா?"

"அணைங்க சார். எதுத்தாப்புல நிக்கிறவரு பாவம்."